கொட்டிவிட்ட பட்டைத்தண்ணீர்

ஜெர்மனியிலிருந்து தோல்காரர்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி கிடைத்த அன்று என் கணவர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. பசிக்கவில்லையாம். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"பத்து நாள் அவங்க இங்க தங்கி நம்ம தொழிலைப் பாப்பாங்க. அப்பறம் நம்மள்ல ரெண்டு பேரை அவங்க ஊருக்கு அழைப்பாங்க. யாரு யாருன்னு அவங்கதான் சொல்லுவாங்க. கப்பல்ல போவணும்" என்றார். கப்பல் என்பதை மட்டும் இன்னொரு தடவை சொன்னார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டுக்கு வெளியே பாலாற்றை ஒட்டி, தோல் பதனிடும் எட்டுத் தோல்ஷாப்புகள் இருந்தன. அச்சரப்பாக்கம், செய்யூர் பக்கத்துச் சந்தைகளிலிருந்து உப்புப் போட்ட தோல்கள் மாட்டுவண்டியில் வந்து இறங்கும். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிரை நீக்குவார்கள். பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். பதமான தோல் மதராஸ் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போகும். "நம்ம ஊர்த் தோலு மட்டும் கடலைத் தாண்டிப் போவுது. நாம இன்னும் பரங்கிமலையைத் தாண்டல" என்று என் கணவர் வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பேசி, தோல் தொழில் நடக்கும் ஊர்க்காரர்கள் ஒருவர் ஊருக்கு மற்றவர் போய்ப் பார்க்கட்டும் என்று முடிவு செய்தபோது, அந்த ஏற்பாடு தனக்காகவே செய்யப்பட்டது என்று நினைத்துவிட்டார். மறுவாரமே கோட்டுத் தைக்க அளவு கொடுத்தாயிற்று. முள்கரண்டியால் இடியாப்பம் சாப்பிட்டுப் பழகினார். அதைப் பார்த்துக்கொண்டு சிரிக்காமல் பரிமாறுவது எனக்குப் பெரும் பாடாக இருந்தது.

சிரித்தாலும், அவர் போகவேண்டும் என்று நானும் உயிரை விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டில் ஒன்று என் மாமனாருடையது; அப்போது தோல்ஷாப்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எட்டாவது தோல்ஷாப் என்னைப் பெற்ற அத்தாவுடையது. எட்டில் சிறியது, ஓட்டு வில்லைகள் பாதி உடைந்தது. ஒரு கழிவுநீர்க் கால்வாய் யார் சுவரோரமாகப் போவது என்ற தகராறில் என் அத்தாவும் மாமனாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாமனார் கால்வாயை அடைத்தார். அத்தா சங்கத்திலிருந்து விலகினார். இருவரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை என்று சபதம் போட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நான். ஒரு கூப்பிடு தூரத்தில் தாய்வீட்டை வைத்துக்கொண்டு, அங்கே போகாமலே இரண்டு நோன்புப் பெருநாளைக் கழித்திருந்தேன். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே தவறிவிட்டார். அத்தாவுக்கு என்னைவிட்டால் யாரும் கிடையாது. பெரிய மனிதர்களின் வீம்புக்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

விருந்தாளிகள் வருவதற்கு முன் மாமனார் மற்ற ஆறு முதலாளிகளையும் எங்கள் கூடத்தில் கூட்டினார். நான் கதவுக்குப் பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றேன். கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தோல்ஷாப்புகளுக்கு வந்தவர்கள் எல்லாரும், சுகாதார அதிகாரியானாலும் பாங்குக்காரரானாலும், மூக்கில் கைக்குட்டையோடு வந்து வாசலோடு திரும்பியவர்கள். அந்த அவமானம் எல்லார் மனத்திலும் இருந்தது.

"வெள்ளைக்காரங்க வர்றப்ப நாத்தம் அடிச்சா அப்படியே திரும்பிப் பூடுவாங்க. விருந்தாளி வர்ற வூடு எப்படி இருக்கணும்? தொட்டி எல்லாத்தையும் காலி பண்ணிக் கழுவிடுவோம். அவங்க போன பொறவு புதுசா ஆரம்பிச்சுக்கலாம்" என்றார் மாமனார்.

ஒருவர்கூட மறுக்கவில்லை. ஊறிக்கொண்டிருந்த தோல்களை முடித்து அனுப்பினார்கள். புதுத் தோல் வாங்கவில்லை. வருஷக்கணக்கில் தொட்டி மாற்றித் தொட்டி ஓடிவந்த பட்டைத்தண்ணீரைக் கொட்டினார்கள். தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்து, சாம்பிராணி போட்டார்கள். வாசலில் கதம்ப மாலை. பன்னீர்ச் செம்பு வேறு. கல்யாண வீடு தோற்றது. எங்கள் தெருவே பெருமையில் மிதந்தது, நானும்தான்.

அத்தாவின் தோல்ஷாப்பை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. விருந்தாளிகள் கண்ணில் படாமல் வேறு வழியாகக் காரை விடச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். அந்த அம்மையாருக்கு ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். போரில் கணவரை இழந்தபின் தோல்ஷாப்பைத் தானே நடத்துகிறவர் என்று தெரிந்ததும் என் மாமியார் வாயில் வெற்றிலையோடு அப்படியே நின்றுவிட்டார். பெண் விருந்தாளிக்குத் துணை யார் என்ற கேள்வி வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்த மருமகள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்று அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அந்த அம்மையாரின் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் எங்களுக்குள் சரியாகிப் போயிற்று.

முதல் நாள் என் கணவர் கோட்டோடு அவர்களைத் தொட்டி தொட்டியாக அழைத்துப்போனார். நானும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்னால் போனேன். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து மாமனாரின் தோல்ஷாப்புக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. விருந்தாளிகள் வெள்ளை வெளேரென்ற தொட்டிகளைக் குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது தோல்ஷாப்பிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. வரவரப் பேச்சுக் குறைந்தது. "சுத்தத்தைப் பார்த்து அசந்து போயிட்டாங்க" என்றார் மாமனார்.

காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு மகாபலிபுரத்துக்கு அழைத்துப்போனார்கள். இரண்டு வாடகைக் கார்கள். முன்னால் போனதில் ஆண்கள். பின்னால் வந்ததில் அந்த அம்மையாரும் மாமியாரும் நானும், எங்களோடு ஒரு தேக்சா பிரியாணியும். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டிச் சவுக்குத் தோப்புகள் வந்ததுமே கடல் காற்று முகத்தில் அடித்தது. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் கடலைப் பார்க்கவே இல்லை.

அந்த அம்மையார் சிற்பங்களை மரியாதைக்காக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அலைக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாயே என்றார். பிறகு கேட்டார்: தண்ணீரை ஏன் எங்களிடமிருந்து மறைத்துவிட்டீர்கள்?

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அவர்கள் ஊரில் ஓக் மரத்தின் பட்டையில் பதப்படுத்துகிறார்கள். ஒரு தோல் தொட்டியில் ஒரு வருஷத்துக்குமேல் கிடக்கும். எங்கள் ஆவாரம்பட்டையோ அதைச் சில வாரங்களில் முடித்துவிடுகிறது. அது எப்படி என்று பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தார்கள். பச்சைத்தோலை முதலில் வீரியம் குறைந்த பழைய தண்ணீரில் போட்டு, மெல்ல மெல்லப் புதுத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் அந்த வரிசைதான் தொழிலின் உயிர். அதைப் பார்க்கவேண்டும், மோந்து பார்க்கவேண்டும். இங்கேயோ எந்தக் கதவைத் திறந்தாலும் காலித் தொட்டி. கூட வந்த இருவரும் முடிவு செய்துவிட்டார்களாம். இவர்கள் நம்மைத் திருடர்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒளித்துவைத்திருக்கிறார்கள், நாளையே மூட்டை கட்டிக்கொண்டு வடாற்காட்டுத் தோல்ஷாப்புகளுக்குப் போய்விடலாம், அழைக்கவேண்டிய இரண்டு பேரை அங்கேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று.

தூரத்தில் என் கணவர் அந்த இருவருக்கும் நுங்கு தின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேகாத வெயிலில் கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

நாங்கள் மறைக்கவில்லை, கொட்டிவிட்டோம் என்றேன். ஏன் என்றார். உங்கள் மூக்குக்காக என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். நம்பவில்லை. எந்தத் தோல்காரனும் பழைய தண்ணீரைக் கொட்டமாட்டான், அதுவும் ஏழு பேர் சேர்ந்து செய்ய வாய்ப்பே இல்லை, எதையோ மூடிமறைக்க நல்ல கதை சொல்கிறாய் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விருந்தாளி வருகிறார்கள் என்று வீட்டிலிருக்கும் உறைமோரையெல்லாம் சாக்கடையில் ஊற்றிக் கழுவின கதை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்? எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "வாருங்கள், கொட்டாத தண்ணீர் ஒரு இடத்தில் இருக்கிறது, காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

திரும்பும்போது ஊருக்கு முன்னால் வழி பிரியும் இடத்தில் முதல் கார் நேராகப் போய்விட்டது. "ஆத்துப் பக்கம் திருப்புங்க" என்றேன்.

"பெரியவரு வூட்டுக்குத்தான வரச் சொன்னாரு?" என்றார் டிரைவர்.

நான் மாமியாரைப் பார்த்தேன். பிரியாணி மயக்கத்தில் தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார். "அவ சொல்ற பக்கம் ஓட்டுப்பா. எனக்கும் சம்பந்தியைப் பாத்து நாளாச்சி."

எனக்கு அந்தக் கிழவியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தாவின் தோல்ஷாப்பை எட்டுவதற்கு முன்பே வாடை வந்து எங்களை எதிர்கொண்டது. சுண்ணாம்பும் பட்டையும் பச்சைத்தோலும் சேர்ந்த அந்தக் கனத்த வாடை. சிறுமியாக இருந்தபோது அந்தத் தொட்டிகளைச் சுற்றித்தான் ஓடி விளையாடினேன். பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். என் பக்கத்தில் அந்த அம்மையார் கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கி, மல்லிகை மோந்து பார்ப்பதுபோல மூச்சை இழுத்தார்.

அத்தா லுங்கியை மடித்துக் கட்டி, கழியால் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கழி அப்படியே நின்றது. இத்தனை நாள் கழித்து மகளைப் பார்க்கிறவர் என்ன பேசுவாரோ என்று துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"செருப்பைக் கழட்டிட்டு வாம்மா, வழுக்கும்" என்றார். அவ்வளவுதான்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மையார் முதல் தொட்டியின் ஓரத்தில் மண்டிபோட்டு, தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டார். அத்தா பதறிப்போனார். வெள்ளைக்காரச் சீமாட்டி தோல் ஊறிய தண்ணீரைக் குடிக்கிறாளே என்று என்னைப் பார்த்தார். அடுத்த தொட்டியிலும் அவர் அப்படியே செய்து, இது முந்தையதைவிடத் துவர்ப்பு என்று முகத்தாலேயே காட்டினார். அதற்குமேல் அத்தாவால் சும்மா இருக்க முடியவில்லை. மூன்றாவது தொட்டிக்கு அவரே கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போனார். ஒருவர் தமிழில் பேசினார், ஒருவர் ஜெர்மனில் பேசினார். மொழிபெயர்க்க நின்ற என்னை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. என் அத்தா, என் தண்ணீர் என்று நெஞ்சு விம்மியது.

எங்களைக் காணோம் என்று தேடிக்கொண்டு முதல் காரும் வந்து சேர்ந்தது. ஜெர்மன்காரர்கள் இருவரும் வாடை பிடித்துக்கொண்டே இறங்கி நேராக உள்ளே நடந்தார்கள். ஒருவர் கையிலும் கைக்குட்டை இல்லை. மாமனார் மட்டும் காரைவிட்டு இறங்கவில்லை. சபதமாயிற்றே. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயே வெந்துகொண்டிருந்தார்.

என் கணவர் வாசலில் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். "இன்னா காரியம் பண்ணிட்டு நிக்கிற?"

"உங்களைக் கப்பல்ல ஏத்தத்தான் மச்சான்" என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

அவர் உள்ளே பார்த்தார். மூன்று விருந்தாளிகளும் அத்தாவைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். "ஏறப் போறது நான் இல்ல. உங்க அத்தா" என்றார்.

அதுவரை அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை.

விருந்தாளிகள் வடாற்காட்டுக்குப் போகவில்லை. மிச்ச நாள் முழுக்க ஒவ்வொரு காலையும் அத்தாவின் தோல்ஷாப்புக்குத்தான் வந்தார்கள். நானும் கூடவே வந்தேன். என் கணவரும் வந்தார். கோபித்துக்கொண்டு வீட்டில் படுக்காமல் வந்தாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். முதல் நாள் வாசலில் நின்றார். அடுத்த நாள் தொட்டி ஓரத்துக்கு வந்தார். அப்புறம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு லுங்கிக்கு மாறினார். அத்தா அவரோடு நேரடியாகப் பேசவில்லை. அவர் கையெட்டும் தூரத்தில் நிற்கும்போதே, "அந்தக் கழியை எடுத்துக் குடுக்கச் சொல்லும்மா" என்பார் என்னிடம். என் கணவர் எடுத்து நீட்டுவார். "வாங்கிக்கச் சொல்லு" என்பார் அவரும். ஜெர்மன்காரர்களுக்கு மொழிபெயர்த்ததைவிட, ஒரே மொழி பேசிய இந்த இருவருக்கு நடுவில்தான் எனக்கு நாக்கு வறண்டது.

கடைசி நாள் சங்கத்துக் கட்டடத்தில் கூட்டம். அத்தாவையும் அழைத்தார்கள், வேறு வழியில்லாமல். முதல் ஆள் இவர்தான் என்று அந்த அம்மையார் அத்தாவைக் காட்டினார். இரண்டாவது ஆளை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்றார். உடனே மற்ற முதலாளிகள் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்கு மகன், இன்னொருவருக்குத் தானே. சந்தைக்கடைச் சத்தம். என் கணவர் கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தகப்பனாரே தலைவராக இருக்கும்போது தனக்கென்று கேட்பது அசிங்கம் என்று நினைத்திருப்பார். எனக்கோ உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

அத்தா எழுந்தார். சத்தம் அடங்கியது.

"எனக்கு அந்த ஊரு பாஷை தெரியாது. சாப்பாடு தெரியாது. தனியாப் போவ மாட்டேன். எங்க மாப்பிள்ளை வர்றதா இருந்தா போறேன். இல்லேன்னா ரெண்டு எடத்தையும் வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

மாப்பிள்ளை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று. என் கணவர் நிமிர்ந்தார். மாமனார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால்வாயைத் தெறந்துவிடச் சொல்றேன்" என்றார் மெதுவாக. பிறகு தொழில்காரராக யோசித்துக் கேட்டார். "போய் வர மூணு மாசத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் உங்க தொட்டியை யாரு பாத்துக்கறது?"

நான் பார்க்கிறேன், நான் பார்க்கிறேன் என்று நாலைந்து கைகள் உயர்ந்தன. ஊரில் மிச்சமிருந்த பழைய தண்ணீர் அது ஒன்றுதானே.

"எம் பொண்ணு கீறா" என்றார் அத்தா.

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மையார் என் கையைத் தொட்டுக் கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் கப்பல் ஏற ஆசையாகத்தான் இருந்தது. பாறையில் உட்கார்ந்து பேசியது நான், காரைத் திருப்பியது நான், பத்து நாளும் வாய் வலிக்கப் பேசியது நான். நீ வருகிறாயா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் மதராஸ் துறைமுகத்தில் அவர்கள் இருவரும் கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, நான் துப்பட்டி நழுவுவதுகூடத் தெரியாமல் கையை ஆட்டினேன். அத்தா அப்போதும் அவருக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், இந்தத் தடவை நேராகவே.

மறுநாளிலிருந்து ஜட்கா ஏறித் தோல்ஷாப்புக்குப் போனேன். முதல் வாரம் ஆட்கள் என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு கட்டுத் தோலை அவசரப்பட்டு அடுத்த தொட்டிக்கு மாற்றப் பார்த்தவர்களை நான் தடுத்து நிறுத்திய பிறகு "அம்மா" ஆயிற்று. கையிலும் முந்தானையிலும் பட்டை வாசம் ஏறியது. மாமியார் குளிக்க வெந்நீர் போட்டு வைத்தார்.

அதே சமயம் மற்ற ஏழு தோல்ஷாப்புகளும் திண்டாடிக்கொண்டிருந்தன. எல்லாத் தொட்டியிலும் புதுத் தண்ணீர். பச்சைத்தோலை எடுத்த எடுப்பில் அதில் போட்டதால் மேலே விறைத்துக்கொண்டு உள்ளே வேகாமல் நின்றது. தண்ணீர் விட்டு நீர்க்க வைத்துப் பார்த்தார்கள், பழைய பதம் வரவில்லை. அத்தா ஊரில் இருந்தவரை அவரிடம் வாய்விட்டுக் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. மகளிடம் கேட்பது சுலபம் என்று தோன்றியிருக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பீப்பாய் ஏற்றிய மாட்டுவண்டி அனுப்பினார்கள். நான் முகம் சுளிக்காமல் கொடுத்தேன்.

கடைசியாக வந்த வண்டி எங்கள் வீட்டு வண்டி. "பெரியவரு ரெண்டு பீப்பா வாங்கியாரச் சொன்னாரு" என்றான் வண்டிக்காரன்.

"இல்லேன்னு சொல்லல. அவரே வந்து பாத்து எடுத்துக்கட்டும்" என்று காலி வண்டியைத் திருப்பி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் மாமனாருக்குச் சோறு பரிமாறினேன். குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்றேன். ஊற்று என்றார்.

மறுநாள் காலை நான் ஜட்காவில் ஏறும்போது அவரும் வந்து முன்பக்கம் ஏறிக்கொண்டார். தோல்ஷாப் வாசலில் இறங்கியவர் ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே வந்தார். ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவர், சங்கத்துத் தலைவர், தொட்டி வரிசையின் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எதுலேருந்து எடுக்கணும்மா?"

நான் காட்டிய தொட்டியில் அவரே குனிந்து முதல் குடத்தை மொண்டார்.